உற்பத்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டமும் ஆராய்ச்சிப் பட்டமும்

(நமது சங்கத்தின் கல்விக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லுவோர்க்குப் பொறியியற் பட்டத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நினைத்தல் கூடும். பி.இ. தேறிய நம் பிள்ளைகள் மேலே யாது படிக்கலாம் என்று நம்மிடம் வந்து வினவுகின்றனர். அவர்தம் பெற்றோரோ, "இன்னும் எத்தனை வருஷம்? எவ்வளவு பணம்?" என்னும் இரண்டு கேள்விகளோடு பின்னால் வருகின்றனர். விடையிறுக்கும் பொருட்டு விதிகளைத் தேடிப் படித்தோம். படித்தவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

உற்பத்தி என்பது வடசொல். ஆக்கம் என்றாலும் பொருள் அமையும். ஆயினும் வழங்குஞ் சொல்லையே வைத்துக்கொள்வோம். வார்த்தல், கடைதல், அறுத்தல், பற்றவைத்தல் முதலிய தொழில்களால் ஒரு பொருளைக் குறித்த அளவிற் பிறழாமலும் வீண்செலவின்றியும் ஒன்றுபோல் ஆயிரம் செய்வது எங்ஙனம் என்று ஆராய்வதே இத்துறை. இது நம் நாட்டிற்குப் புதிதன்று. சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகிற் படிமஞ் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். ஆகாய விமானத்தின் எஞ்சினிற் சுழலும் டர்பைன் தகடுகளை வார்ப்பதும் இம்மெழுகு முறையின் வழியே என்று அறிந்தபோது நாம் வியந்தோம். ஸ்தபதி ஒரு படிமத்துக்கு ஒரு கருவை உடைக்கிறார். தொழிற்சாலையிலோ ஆயிரந் தகடு வார்த்தாலும் ஒன்றன் உள்ளேயும் கண்ணுக்குப் புலனாகாத புரை இருத்தல் ஆகாது. அப்புரை ஏன் உண்டாகிறது, எங்ஙனம் தவிர்ப்பது என்பவற்றை இதுகாறும் அறிஞர் கண்டவாறு கற்றுத் தேர்வது முதுநிலைப் பட்டம். எவரும் இதுவரை விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, விடை கண்டு, நிறுவிக் காட்டுவது ஆராய்ச்சிப் பட்டம். இவ்வேறுபாடு விளங்கினால் மற்றை விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

எம்.இ., எம்.டெக். என்பன ஈராண்டுப் படிப்பு, நான்கு பருவம். முற்பகுதி பெரும்பாலும் பாடம். பிற்பகுதி பெரும்பாலும் செயல்திட்டமும் அதன் அறிக்கையும். சேர்வதற்குக் கேட் என்னும் அகில இந்தியத் தேர்வு வாயிலாகும். மூன்று மணி நேரம், 65 வினா, 100 மதிப்பெண். உற்பத்தி மற்றும் தொழிலகப் பொறியியலுக்கென்றே தனித் தாள் உண்டு. அதில் 13 மதிப்பெண் கணிதத்துக்கே உரியது. பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே இதனை எழுதலாம். பெற்ற மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். தஞ்சையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பெருவழியில், துவாக்குடியருகே 1964-இல் வட்டாரப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி 2003-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான நிறுவனத்தில் இத்துறை தனியே இயங்குகிறது. கேட் மதிப்பெண்ணோடு பொதுப் பிரிவினர்க்கும் பிற்பட்டோர்க்கும் பி.இ.யில் 60 விழுக்காடேனும் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் எம்.இ. சேர்க்கைக்கென 2023 முதல் சீட்டா என்னும் தேர்வை நடத்தி வருகிறது. இரண்டனுள் கேட்டே சிறந்ததென்பது நம் கருத்து. ஏனெனில், கேட் தேறி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் முழுநேரம் பயில்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். இதனை அறியாது, ஒரு மா நிலத்தை ஒத்தி வைத்து, பெயரறியாக் கல்லூரியிற் கட்டணங் கட்டிச் சேர்ப்போர் நம்முள் உளர். ஒத்தி வைக்குமுன் ஓராண்டு பொறுத்துக் கேட் எழுதச் செய்யுங்கள்.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல். மாநிலத்துச் சாதிச் சான்றிதழைக் காட்டினாற் போதுமென்று நடுவணரசு நிறுவனத்துக்குச் சென்று திகைப்போர் பலர். அங்கே பிற்பட்டோர்க்குரிய 27 விழுக்காட்டில் இடம் பெற, வருமான வரம்பைக் குறித்த நடுவணரசுப் படிவத்துச் சான்றிதழ் தனியே வேண்டும். அதுவும் அண்மையிற் பெற்றதாதல் வேண்டும்.

இனி ஆராய்ச்சிப் பட்டம். உ. வே. சாமிநாதையரவர்கள் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம், 1876-இல் ஆசிரியர் மறையும் வரை பாடங் கேட்டார்கள். அது கற்றல். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானபின், சீவக சிந்தாமணியின் ஏட்டுப் பிரதிகளைத் தேடித் தொகுத்து, ஒப்புநோக்கி, 1887-இல் அச்சிட்டார்கள். அது ஆராய்தல். சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது 1932-இல். சிந்தாமணிக்குச் சென்ற ஏழாண்டிலும் அவர்கள் நாடோறும் வகுப்பு நடத்திக்கொண்டே இருந்தார்கள் என்பதையும் நினைவிற் கொள்க.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்றாண்டு, மிகுந்தது ஆறாண்டு. பெண்மக்களுக்கு மேலும் ஈராண்டு சலுகையும், மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. முதுநிலையில் 55 விழுக்காடு வேண்டும். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றோர் நேரே சேரவும் வழியுண்டு. பிற்பட்டோர் முதலாயினோர்க்கு ஐந்து விழுக்காடு தளர்வு. முதலிற் சில பாடங்களை முடித்தல் வேண்டும். பின்னர் ஆய்வேட்டை வெளியிலுள்ள அறிஞர் இருவரேனும் மதிப்பிடுவர். அதன்பின் அவையின் முன் வாய்மொழித் தேர்வு. தொழிற்சாலையிற் பணிசெய்வோர், முதலாளியின் இசைவோடு பகுதிநேரமாகவும் பயிலலாம். நடுவணரசு நிறுவனங்களில் உதவித்தொகை பெறும் முழுநேர ஆராய்ச்சியாளர்க்கு 2023 முதல் முதல் ஈராண்டு மாதம் 37,000 ரூபாயும், அதன்மேல் 42,000 ரூபாயும் அளிக்கின்றனர். ஆகவே பணம் பெருந் தடையன்று.

தடை வீட்டிலே இருக்கிறது. நான்காம் ஆண்டிற் சோதனை பிழைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும் பிள்ளை ஊருக்கு வந்தால், "இன்னுமா படிப்பு? உன்னோடு படித்தவன் வீடே கட்டிவிட்டான்" என்று திண்ணையிற் கேட்கிறோம். மகளாயின், வரன் போய்விடுமே என்று அஞ்சி இடையிலே நிறுத்துகிறோம். பிழைத்த சோதனையும் ஆராய்ச்சியின் பகுதியே. தகடு எவ்விடத்திற் புரை விழுந்தது என்று அறிவதற்கு நூறு தகடு பாழாதல் வேண்டும். இவ்வுண்மையைத் தாய்மார்கள் முதலில் அறிந்துகொண்டால் திண்ணையிலிருப்போர் தாமே அடங்குவர்.

கேட் விண்ணப்பம் பெரும்பாலும் ஆவணி, புரட்டாசியில் வரும். தேர்வு பிப்ரவரியில், சம்பா அறுவடையும் நடைபெறுங் காலத்தில். அப்போது பிள்ளையைக் களத்துக்கு அழையாதீர்கள். நெல் அளக்க வேறு ஆள் கிடைக்கும். சான்றிதழ்களையும் மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் காலையிற் சங்கக் கட்டிடத்துக்கு வந்தால், விண்ணப்பம் நிரப்ப நாம் உடனிருந்து உதவுவோம்.