ரெட் ஹேட் தேர்வுக்கு எந்தப் புத்தகம்?

ஒரகடத்தில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே ரெட் ஹேட் லினக்ஸ் சான்றிதழுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பழைய புத்தகம் வாங்கிவிடாதீர்கள். தேர்வுக் கட்டணம் ஆயிரக்கணக்கில் போகிறது. அட்டையில் லினக்ஸ் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 8 வந்தது 2019-இல், 9 வந்தது 2022-இல், 10 வந்தது 2025-இல். நீங்கள் எழுதும் தேர்வுக்கு எது பதிப்போ, புத்தகமும் அதற்கானதாக இருக்கட்டும். பாடத்திட்டம் ரெட் ஹேட் தளத்திலேயே இலவசம். அதைப் புத்தகத்தின் பொருளடக்கத்தோடு வரி வரியாக டிக் அடியுங்கள், பேங்கில் நாங்கள் லெட்ஜர் பார்த்த மாதிரி.

இது விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அல்ல. கம்ப்யூட்டரில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். ரீபூட் செய்த பிறகும் அது நிற்க வேண்டும். பயிற்சிகள் இல்லாத புத்தகம் எவ்வளவு தடியாக இருந்தாலும் வேண்டாம். தேர்வில் இணையம் கிடையாது, ‘மேன்’ பக்கங்கள் உண்டு. அவற்றில் தேடப் பழக்குகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் பழக, அதே பதிப்பு எண்ணுள்ள ராக்கி லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.