துண்டான தோட்டங்கள்



நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம் முன்னோர் பலர் பினாங்குத் துறையில்தான் முதலில் கால் வைத்தனர். காட்டை அழித்து ரப்பர் நட்டனர். ஆனால் குடியிருந்த லயத்து வீடுகூட அவர்களுடையதாக இல்லை. வேலை உள்ளவரைதான் வீடு.

இதன் விளைவு 1950களில் தெரிந்தது. ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. நிலத் தரகர்கள் முன்பணம் மட்டும் கட்டி ஒரு தோட்டத்தைப் பேசி முடிப்பார்கள். பிறகு அதைச் சிறு துண்டுகளாக்கி, பலரிடம் பணம் வாங்கி, மீதித் தொகையைச் செலுத்துவார்கள். பத்து ஏக்கர் வாங்கியவருக்கு நூறு தொழிலாளர் எதற்கு? வேலை போயிற்று, அதனோடு வீடும் போயிற்று. இதையே தோட்டத் துண்டாடல் என்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தரகர் போட்டது பெரும்பாலும் பிறர் பணமே. பலருடைய சிறு பணம் சேர்ந்தால் ஒரு தோட்டத்தையே வாங்கலாம் என்றால், அதை நாமே ஏன் சேர்க்கக் கூடாது? 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் அமைந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதைத்தான் செய்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் அவர்கள் வாங்கிய முதல் தோட்டம்.

தாத்தாவின் பெட்டியில் பழைய பங்குச் சான்றிதழ் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சங்கத்தில் காட்டி, வாரிசு உரிமையைக் கேட்டறியுங்கள். அது வெறும் காகிதமன்று. நம்மவர் மண்ணில் கேட்ட பங்கு.