பதினொரு மாதப் பத்திரம்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பது நம் முன்னோர் வாக்கு. பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்கு வந்துவிட்ட நாம் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: அயலூரில் வாடகைக்கு வீடு பிடித்துப்பார்!

முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தேன். கரோல் பாக்கில் ஒரு மொட்டைமாடி அறை அமைந்தது. 'பர்சாத்தி' என்று அங்கே சொல்வார்கள். வீட்டுக்காரப் பெரியவர் தேநீர் கொடுத்து, வாய்நிறைய 'பேட்டா' என்று அழைத்தார். ஊரை விட்டு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த எனக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர் நீட்டிய இந்திப் பத்திரத்தில் படிக்காமலே கையெழுத்திட்டேன். பகலெல்லாம் பிறருடைய தாள்களை வரிக்கு வரி மொழிபெயர்ப்பவன், என் தாளைப் படிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் அரசாங்கக் குடியிருப்பு கிடைத்தது. முன்பணத்தைத் திரும்பக் கேட்டேன். பெரியவர் கோபிக்கவில்லை. பத்திரத்தை எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினார். பதினொரு மாதம் முடியுமுன் காலி செய்தால் முன்பணம் திரும்பாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மூன்று மாத வாடகை போயிற்று. அது தீபாவளிக்கு ஊர் செல்ல வைத்திருந்த பணம். விடுமுறை கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் தொலைபேசியில் பொய் சொன்னேன். பெரியவர் என்னை ஏமாற்றவில்லை. நான் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினொரு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். எல்லா மாநிலங்களிலும் இது செல்லாது. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, காலம் எவ்வளவு குறைவாயினும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும். பதிவு செய்விப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. அவர் தவறினால், வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரையில், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும். மும்பை நேயர்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

தில்லியில் 1958ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம்மைக் காக்கும் என்று சிலர் எண்ணுகிறார்கள். 1988இல் செய்த திருத்தத்தின்படி, மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள வீடுகளுக்கு அது பொருந்தாது. அத்தகைய வீடுகளுக்கு 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமே பொது விதி. இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்லர் என்றும், வீட்டுக்காரர் செய்யவேண்டிய பழுதை அறிவிப்புக்குப் பின்னும் அவர் செய்யாவிட்டால் நாமே செய்து வாடகையில் கழிக்கலாம் என்றும் அது கூறுகிறது. ஆயினும் பத்திரம் வேறு விதமாகச் சொல்லாதபோதுதான் இவ்விதிகள் பேசும். ஆகவே நம் உரிமையில் பெரும்பங்கு அந்த இரண்டு மூன்று தாள்களில் அடங்கியிருக்கிறது.

2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையை மீறலாகாது என்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அந்தந்த மாநிலம் அதைச் சட்டமாக்கினால்தான் பயன்.

எனவே, கையெழுத்திடுமுன் ஓர் இரவு பத்திரத்தைக் கேட்டு வாங்கி வாருங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும், எதற்குக் கழிக்கலாம், காலி செய்ய எத்தனை நாள் அறிவிப்பு, வெள்ளையடிப்பது யார் செலவு என்ற ஐந்தையும் அதில் தேடுங்கள். இல்லாததை எழுதச் சொல்லுங்கள். குடிபுகும் நாளில் சுவரையும் குழாயையும் படமெடுத்து வையுங்கள். வாடகையை வங்கி வழியே செலுத்துங்கள். ரொக்கமாயின் இரசீது இல்லாமல் படியிறங்காதீர்கள்.

இதனால் வீட்டுக்காரர் மனம் வருந்துவாரோ என்று தயங்க வேண்டாம். அந்தப் பெரியவர் இன்றும் என்னைக் கண்டால் 'பேட்டா' என்றுதான் அழைக்கிறார். அந்த அன்பு பொய்யன்று. அதைத் தேநீரோடு ஏற்றுக்கொள்ளலாம். பத்திரத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள்.