வெட்கப்பட வேண்டியவர் யார்?

(திருவொற்றியூரில் பேசியது)



துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் கை நசுங்கினால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அதில் நமக்கு வெட்கமில்லை. அதே வீட்டில் ஒரு பெண் ஊண் உறக்கமின்றி, "நான் பாவி, என்னால் குடும்பம் கெட்டது" என்று அழுதால் மாத்திரம் கதவைச் சாத்திக் கொள்ளுகிறோம். ஏன்? வெளியில் தெரிந்தால் மானம் போய்விடுமாம். தங்கைக்கு மாப்பிள்ளை வரமாட்டானாம்!

அவள் என்ன பாவம் செய்தாள்? ஒன்றுமில்லை. சுரத்தில் உடம்பு சுடுவது போல, மனச்சோர்வு நோயில் செய்யாத குற்றத்திற்கும் மனம் வருந்தும் என்கிறது வைத்திய சாஸ்திரம். நோய் அவளைப் பாவி என்கிறது. குறி சொல்லுகிறவனும் 'ஆம், பூர்வ ஜென்மப் பாவம்' என்கிறான். பின் அவள் எப்படிப் பிழைப்பாள்?

குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் வெட்கப்படட்டும்; நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த வெட்கம் மனிதனைத் திருத்தும். நோயாளியின் வெட்கமோ அவரைக் கொல்லும்.

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்திருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டுண்டு ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். இன்று 2017-ம் வருஷத்துச் சட்டம் சங்கிலியைத் தடுத்திருக்கிறது. நம் மனத்திலுள்ள சங்கிலியை யார் அறுப்பது?

சென்னையில் 1794-லேயே மனநோய்க்கு ஆஸ்பத்திரி ஏற்பட்டது. அது இருக்கும் கீழ்ப்பாக்கத்தின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி விட்டோம். தோழர்களே, அங்கே போகிறவர் வெட்கப்பட வேண்டியதில்லை. அப்படி வைகிற வாய்தான் வெட்கப்பட வேண்டும்.