ஆரியபடரின் பத்து இலக்க எண்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கல்பத்தில் தினமும் கலியுகத்தைச் சொல்கிறோம். அதற்கு 4,32,000 வருஷம். மகாயுகத்துக்கு அதுபோல் பத்து மடங்கு, 43,20,000 வருஷம். இது தெரிந்த விஷயம். அந்த மகாயுகத்தில் எத்தனை நாள்? ஆரியபடர் கணக்கில் 157,79,17,500. இன்று இந்த ஒரே எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருஷ அளவு இதற்குள்தான் இருக்கிறது.

இதை அவர் நேராகச் சொல்லவில்லை. மகாயுகத்தில் பூமி 158,22,37,500 முறை கிழக்கு நோக்கிச் சுழல்கிறது என்றார். அதிலிருந்து சூரியனின் 43,20,000 சுற்றுகளைக் கழித்தால் நாள்கள் கிடைக்கும். பூமி சுழல்கிறது என்று அந்தக் காலத்தில் எழுதிய துணிச்சலைப் பாருங்கள்! ஒரு சுழற்சிக்கு அவர் கணக்கில் 23 மணி 56 நிமிஷம் 4.1 செகண்டு. இன்றைய அளவும் ஏறக்குறைய அதுவே.

இனி வகுத்துப் பார்ப்போம். நாள்கள், வருஷங்கள் இரண்டுமே 7,500-ஆல் மீதியின்றி வகுபடும். கிடைப்பது 576 வருஷத்துக்கு 2,10,389 நாள். அதாவது வருஷத்துக்கு 365 நாள், 15 நாழிகை, முப்பத்தொன்றேகால் விநாடி. நம் பழைய விநாடியைச் சொல்கிறேன், 24 செகண்டு கொண்டது. 576 வருஷம் கழிந்தால் பின்னம் தீர்ந்து, புத்தாண்டு அதே நாழிகை விநாடியில் பிறக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 3,600 வருஷத்துக்குக் கணக்கிட்டால் 13,14,931 நாளும் மிகச் சரியாகக் கால் நாளும் வரும். சூரியோதயத்தில் தொடங்கிய கலி, 3,600 வருஷம் நிறையும்போது நடுப்பகல். அது கி.பி. 499 மார்ச் 21. அப்போது தமக்கு வயது 23 என்று ஆரியபடரே குறித்திருக்கிறார். எண் இப்படித் தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

சூரிய சித்தாந்தம் இதோடு 328 நாள் கூட்டியது. வருஷத்துக்கு ஆறரை செகண்டுதான் வித்தியாசம். ஆனால் பின்னம் தீர 10,80,000 வருஷம் ஆகும்! கையால் கணக்குப் போட்டவர்களுக்கு எது சௌகரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

குறையையும் சொல்லிவிட வேண்டும். நட்சத்திரங்களை வைத்து இன்று அளக்கும் வருஷத்தைவிட ஆரியபடர் வருஷம் 3 நிமிஷம் 20 செகண்டு அதிகம். 1,500 வருஷத்தில் அது மூன்றரை நாளாகச் சேர்ந்துவிட்டது. அன்று மார்ச் 21-ஐ ஒட்டி வந்த மேஷப் பிறப்பு இன்று ஏப்ரல் 14-ஐ ஒட்டி வருவதில் இந்த மூன்றரை நாளும் அடக்கம். மற்றதெல்லாம் அயன சலனத்தால் வந்தது. அதற்கு இந்த எண் பொறுப்பல்ல.

ஆத்தில் அடுத்தடுத்த இரண்டு வருஷத்து வாக்கியப் பஞ்சாங்கம் இருந்தால், வருஷப் பிறப்பு நேரங்களைக் கழித்துப் பாருங்கள். 365 நாள் போக 6 மணி பன்னிரண்டரை நிமிஷம் வர வேண்டும்.