விலங்கும் மொழியும்



நம் ஓசூரை அடுத்து விரியும் கருநாடகத்தின் வடமேற்கே, மேலைமலைத் தொடரின் காடுகளில், சித்தியர் எனும் மக்கள் வாழ்கின்றனர். எல்லாப்பூர், அளியாள், முண்டுகோடு, அங்கோலா வட்டங்கள் அவர்தம் உறைவிடங்கள். தோற்றம் ஆப்பிரிக்கருடையது, வாயில் வழங்குவன கொங்கணியும் கன்னடமும் மராத்தியும் உருதும். இவர்கள் யார்?

மொசாம்பிக்கு முதலிய ஆப்பிரிக்கக் கீழ்க்கரைப் பகுதிகளிலிருந்து போர்த்துகீசியர் கோவாவிற்குக் கொணர்ந்து விற்ற அடிமைகளின் வழித்தோன்றல்களே இவர்களுட் பெரும்பாலோர். கொடுமை தாளாது தப்பியோர் காடு புகுந்தனர்.

ஆப்பிரிக்கர் ஆளத் தெரியாதவர் என்பார் மாலிக் அம்பரின் வரலாற்றைப் படிக்கட்டும். எத்தியோப்பியாவிற் பிறந்து, இளமையிலேயே விற்கப்பட்டுத் தக்காணம் வந்த அவர், அகமதுநகர் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்தார். மறைந்து தாக்கும் போர்முறையால், 1626இல் தாம் இறக்கும்வரை முகலாயப் பெரும்படையை எதிர்த்து நின்றார். அவர் அமைத்த கட்கி நகரே பின்னர் ஔரங்காபாத்து எனப் பெயர் பெற்றது. அடிமைநிலை பிறவிக் குணமன்று. பிறர் பூட்டும் விலங்கு.

சித்தியருள் இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் உளர். சமயம் மூன்றாயினும் இனம் ஒன்றே என ஒன்றுபட்டு உரிமை கேட்டனர். 2003இல் வடகன்னட மாவட்டச் சித்தியர் பழங்குடியினராக ஏற்கப்பட்டனர். 2020இல் பெலகாவி, தார்வாடு மாவட்டத்தாரும் அவ்வுரிமை பெற்றனர்.

உரிமையை மீட்டனர், மொழியை மீட்டனரா? தமாம் எனும் முழவு இன்றும் அதிர்கிறது, ஆட்டம் நிலைத்திருக்கிறது. முன்னோர் பேசிய மொழியோ பேச்சில் இல்லை. பல இனத்தாரைக் கலந்து கப்பலேற்றினர். இறக்கிய துறையில் தனித்தனியே விற்றனர். தாயும் சேயும் பிரிந்த இடத்தில் தாய்மொழி எங்ஙனம் வாழும்?

தமிழர்க்கும் இது நேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் 1848இல் அடிமைமுறையை ஒழித்தனர். ஆப்பிரிக்கர் உழைத்த மார்த்தினிக்குத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு, 1853 முதல் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றனர். அங்கே தெய்வ வழிபாடு எஞ்சிற்று. அவர்தம் வழிவந்தோர் பேசுவது கிரியோல் மொழி.

அன்பர்களே! சித்தியரிடம் மொழியைப் பறித்தவன் கையில் சாட்டை இருந்தது. நம் வீட்டில் யார் கையிற் சாட்டை இருக்கிறது? அயல்மொழியாளர்பால் பகை வேண்டா. நம் ஊரிலேயே தெலுங்கரும் கன்னடரும் நமக்கு அண்டை வீட்டார். அவரவர் மொழி அவரவர் வீட்டில் வாழட்டும். நம் குழந்தை உறங்குமுன் கேட்கும் கதை தமிழிலேயே இருக்கட்டும். இழந்த உரிமையைப் போராடிப் பெறலாம். ஒரு தலைமுறை பேசாது விட்ட மொழியை எந்தச் சட்டம் திருப்பித் தரும்?