அவசர சிகிச்சைப் பிரிவில் காற்றும் உழைப்பும்

(காரோட்டில் கட்சி உறுப்பினர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காரோட்டில் நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், பாறசாலை தாலுகா மருத்துவமனைக்கோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனைக்கோ கொண்டு செல்கின்றனர். 'கேஷுவால்டி' என மக்கள் அழைக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில், மாரடைப்பு வந்தவரும் எலும்பு முறிந்தவரும் இருமும் நோயாளியும் ஒரே காற்றைச் சுவாசிக்கின்றனர். உயிர் காக்கும் இடமே நோய் பரப்பும் இடமாகிவிடலாகாது.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் பரவிய நிபா கற்பித்த பாடம் இதுவே. நோயுற்ற 23 பேரில் பெரும்பாலோர்க்கு மருத்துவமனைகளிலேயே தொற்று ஏற்பட்டது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்கேன் பிரிவின் நடைவழியில் முதல் நோயாளியின் அருகே இருந்தமையாலேயே பலர் நோயுற்றனர். பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அவரைப் பராமரித்த செவிலியர் லினி மே 21 அன்று மறைந்தார். அவர் நிரந்தரப் பணியில் இருந்தவர் அல்லர்.

நோய் இன்னதென அறிந்தபின், தொடர்பிலிருந்தோரைத் தேடிக் கண்காணித்து, கேரளம் அதனைக் கட்டுப்படுத்தியது. ஆனால், பெயர் தெரியாத நோய் வாசலுக்கு வரும் முதல் மணி நேரத்தில் காப்பது அன்றாட ஒழுங்கு ஒன்றே.

பெருமுதலாளியக் குழுமத்தின் மருத்துவமனையும் இதற்கு விலக்கன்று. 2015இல் சியோல் நகரின் சாம்சங் மருத்துவ மையத்தில், நெரிசல் மிகுந்த அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்த ஒரே மெர்ஸ் நோயாளியிடமிருந்து 82 பேருக்கு நோய் தொற்றியது.

செய்ய வேண்டியவை எளியவை. இருமலும் காய்ச்சலும் உள்ளோரை வாசலிலேயே பிரித்தறிந்து, முகக்கவசம் அளித்து, தனியிடத்தில் அமர்த்த வேண்டும். பொது வார்டுகளில் நோயாளி ஒருவருக்கு நொடிக்கு 60 லிட்டர் புதுக்காற்று தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உயர்ந்த கூரையும் அகன்ற சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றைவிட நல்ல காற்றோட்டம் உடையவை என்பதைப் பெரு நாட்டின் லிமா நகர ஆய்வு 2007இல் காட்டியது. சன்னலைத் திறப்பதற்குப் பெருஞ்செலவில்லை.

கூட்டத்திற்கு மக்களைக் குறை கூறுவோர் உண்டு. பணியாளர் போதாமையாலேயே நோயாளியைத் தூக்கவும் மருந்து வாங்கவும் உறவினர் உடனிருக்க நேர்கிறது. ஒப்பந்தச் செவிலியரும் துப்புரவுத் தொழிலாளரும் ஊதிய இழப்புக்கு அஞ்சி, காய்ச்சலுடன் பணிக்கு வருகின்றனர். ஆகவே நிரந்தரப் பணியிடம், ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு, தரமான முகக்கவசம் ஆகிய கோரிக்கைகள் தொழிலாளர் உரிமை மட்டுமல்ல; நோய்த் தடுப்பும் ஆகும்.

கேரளத்தில் தாலுகா மருத்துவமனைகள் உள்ளாட்சிகளின் பொறுப்பில் உள்ளன. அவற்றின் மேலாண்மைக் குழுக்களில் தோழர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இருமும் நோயாளிக்குத் தனியிடம் எங்கே? சன்னல்கள் திறக்கின்றனவா? இரவுப் பணியில் எத்தனை பேர்? விடை கிடைக்கும்வரை கேட்பதே கடமை.